பார்வை: ஆனி 27

1

இந்தக் கதை ஒரு ஒற்றைத் தாளில் பிறந்தது. கண் மருத்துவர் தன் கையாலேயே அதில் ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தார்: 'வலது கண் ஆபரேஷனுக்கு முன், கடைசியாகக் கண் சிவந்த நாள்?' கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் ஒரு தேதியை எழுதினால் வேலை முடிந்தது. பேனாவோடு உட்கார்ந்து பதினோரு நாள் ஆகிறது. தேதி எழுதவில்லை. கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதை என் பழக்கம் அல்ல. எனக்குத் தெரிந்தது கடிதம். அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து மின்வாரியத்துக்கும் ரேஷன் அலுவலகத்துக்கும் போகிற மனுக்களில் பாதி என் கையெழுத்துதான். செய்யாறு பக்கம் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவன். அங்கே கடிதத்துக்கு ஒரு வரிசை சொல்லிக்கொடுத்தார்கள்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பார்வை என்றால், இது சம்பந்தமாக முன்பு எழுதியது எது, என்ன தேதி என்று குறிப்பது. பார்வை தப்பானால் கடிதமே தப்பு. இதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

[கடைசி வாக்கியத்தை அடித்திருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் பின்னால் வருகிறது.]

2

முதல் தொடக்கம்: 'நான் என் மனைவியின் கண்ணை—' இதற்கு மேல் பேனா நகரவில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'அயனம்பாக்கம் ஏரியின் மேல் பனி விலகிக்கொண்டிருந்த வேளையில், நீர்க்காகம் ஒன்று சிறகை உலர்த்தியபடி' என்று அரைப் பக்கம் வரை ஓடியது. ஏரிக்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெட்கப்படுகிறவன் முதலில் செய்கிற வேலை, எதிரே இருப்பவரை விட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்பதுதான். நீர்க்காகத்தை விரட்டிவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது. அதில் 'நான்' இல்லை. பக்தவத்சலம் என்று ஒருவர் வருகிறார். பெயர் மட்டும்தான் மாற்றம். வயது, வேலை, செய்த காரியம் மூன்றும் சரி. ஒரு ஆளைக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் அவன் எதிரே வந்து நிற்க வேண்டும். 'நான்' எதிரே நிற்பதில்லை. பக்கத்தில் வந்து தோளில் கை போட்டுக்கொள்கிறது.

3

பக்தவத்சலம், வயது ஐம்பத்து மூன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர். எந்தப் பெட்டி எந்தத் தேதியில் எந்த லாரியில் போனது என்று கேட்டால் நோட்டைத் திறக்காமல் சொல்வார். இருபது வருஷத்தில் அவர் அனுப்பிய எந்தக் கடிதத்துக்கும் பின்னால் ஒரு திருத்தக் கடிதம் போனதில்லை. இது அவருக்குப் பெருமை. (இந்தப் பெருமை இந்தக் கதையில் ஒரு பாத்திரம். அதற்கு வசனம் கிடையாது.)

மனைவி பூங்காவனம், நாற்பத்தேழு வயது, அயனம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் ரப்பர் வளையங்களில் பிசிறு பார்க்கிற வேலை. வளையத்தை வலது கண்ணுக்கு நேரே தூக்கி, லென்ஸ் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். தலைமுடியளவு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் வளையம் கழிவுப் பெட்டிக்குப் போய்விடும். வீட்டிலும் அதே கண்தான்.

"யோவ், பொத்தான மாத்திப் போட்டுகினு எங்க கெளம்பிட்ட? ஊருக்கெல்லாம் லெட்டர் எய்துறாராம், சட்டயப் பாரு."

அந்த வலது கண் திடீர் திடீரென்று சிவக்கும், கூசும், வலிக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் மெட்ராஸ் ஐ என்றார்கள். அது மெட்ராஸ் ஐ அல்ல. கண்ணுக்கு உள்ளேயே அழற்சி. யுவைட்டிஸ் என்று பெயர். அடங்கும், மறுபடி கிளம்பும். அந்த அழற்சியும் அதை அடக்குவதற்கு வருஷக்கணக்கில் விட்ட சொட்டு மருந்தும் சேர்ந்து, அந்த வயதிலேயே கண்ணில் புரை விழுந்துவிட்டது. வளையம் இட்லி மாதிரி தெரிகிறது என்றாள் பூங்காவனம். நடுவில் ஓட்டையே இல்லையாம்.

கண் மருத்துவர் மைதிலி பொறுமைக்காரர்.

"புரையை எடுத்துடலாம்மா, பயமில்ல. ஆனா உங்களுது கோபக்காரக் கண்ணு. கோபம் அடங்கி முழுசா மூணு மாசம் அமைதியா இருக்கணும். நடுவுல ஒரு வாட்டி சிவந்தாலும் மறுபடி முதல்லேருந்து எண்ணணும். அமைதியாகாத கண்ணுல கை வச்சா உள்ள இருக்கிற அழற்சி பெருசாத் திரும்பி வந்துடும்."

"அப்ப என்னாட்டமே கீது என் கண்ணு" என்றாள் பூங்காவனம். "இவர கேளு டாக்டரம்மா. ஒரு வாட்டி கோவம் வந்தா எனக்கும் மூணு மாசம் ஆவும்."

பக்தவத்சலம் தான் எழுதிக்கொண்டு போயிருந்த தாளை நீட்டினார். கண் சிவந்த நாள், அடங்கிய நாள், விட்ட மருந்து, எத்தனை சொட்டு என எல்லாம் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியில், அடங்கிய நாள் மே 20. மருத்துவர் சிரித்தார். "சார் மாதிரி எல்லாரும் தேதி போட்டு எழுதிட்டு வந்தா எங்க வேலை பாதி குறைஞ்சிடும்."

அந்த ஒரு வாக்கியத்தை வீடு வந்து சேரும்வரை பக்தவத்சலம் மென்றுகொண்டே வந்தார். ஆபரேஷனுக்கு ஆகஸ்ட் 24 குறித்தார்கள். மறுநாளே பூங்காவனத்தின் கம்பெனிக்கு விடுப்புக் கடிதம் எழுதினார்: ஆகஸ்ட் 24 முதல் விடுப்பு, செப்டம்பர் 11 அன்று பணியில் சேர்வார். அடித்தல் திருத்தல் இல்லாமல்.

4

[இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். ஒன்றில் மருந்துக்கடைக்காரர் மேல் பழி விழுந்தது. ஒன்றில் ஆடி மாதத்தின் மேல். ஒன்றில் பூங்காவனத்தின் மேல். மூன்றும் கதையாக நன்றாக வந்திருந்தன.]

ஜூலை 5, கண் சிவந்தது. அப்போது தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு மெட்ராஸ் ஐ. இதுவும் அதுவாகவே இருக்கட்டும் என்று பக்தவத்சலம் முடிவு செய்தார், அவளிடமும் அப்படியே சொன்னார். மருத்துவமனைக்குப் போகவில்லை. போனால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். கரையான்சாவடியில் ஒரு மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி, பழைய சொட்டு மருந்தையே வாங்கிவந்து கண்ணில் விட்டார். ஒரு வாரத்தில் அடங்கியது. ஜூலை 12. நாட்காட்டியில் ஆனி 27. டைரியில் குறித்தார்: 'பூ. வலது கண். சிவப்பு இல்லை.'*

* டைரி இருக்கிறது. பீரோவில் துணிகளுக்கு அடியில். நான் தவறாகக் கணக்குப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல முடியாமல் செய்வது அந்த ஒரு வரிதான்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு மருத்துவமனைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். பூங்காவனம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணால் இல்லை, விரலால்.

"கண்ணு அடங்கினது எப்போ, மூணு மாசம் ஆச்சான்னு கேட்டிருக்காங்க பூங்கா."

"ஆவலியா பின்ன? அந்த மெட்ராஸ் ஐ கூட ஆனிலியே அடங்கிச்சி. ஆனி ஒண்ணு, ஆடி ரெண்டு, ஆவணி மூணு. வெரலு கீதில்ல, எண்ணிக்கோ."

"ஆனியில நாலு நாள்தான் மீதி இருந்தது."

"நாலு நாளு இருந்தா அது ஆனி இல்லியா? ஆடில ஆஸ்பத்திரி வாணாம்னு பக்கத்து ஊட்டு நாகம்மாக்கா கூட சொல்லிச்சி. இப்பதான் ஆவணி பொறந்துடுச்சே. எய்துயா, எய்தாம மூஞ்ச பாத்துகினு கீற."

அவள் கணக்கில் பொய் கிடையாது. பிள்ளைத்தாய்ச்சிக்கு மாதம் எண்ணுவது அப்படித்தான். ஒரு மாதத்தில் ஒரு நாள் தொட்டாலும் அது ஒரு மாதம். அவள் அம்மா எண்ணினாள், அவள் எண்ணுகிறாள்.

ஆனால் பக்தவத்சலத்துக்கு இன்னொரு கணக்கும் தெரியும். ஆனியில் நாலு, ஆடியில் முப்பத்திரண்டு, ஆவணியில் ஏழு. ஆக நாற்பத்து மூன்று நாள். அக்டோபர் 12 வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுப்பதென்றால் மருத்துவமனையில் தேதி மாற்ற வேண்டும். கம்பெனிக்கு, 'பார்வையில் கண்ட எனது கடிதத்தில் குறிப்பிட்ட தேதியைத் திருத்தம் செய்து' என்று ஒரு கடிதம் எழுத வேண்டும்.

அவர் படிவத்தில் எழுதினார்: 'மூன்று மாதங்களுக்கு முன்பு.'

தேதி போடாமல் அவர் எழுதிய முதல் பதில் அது. மருத்துவமனையில் அதைப் படித்தார்கள், பழைய தாளில் மே 20 என்று இருந்ததைப் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பின் குத்திவிட்டார்கள். விளக்கு வைத்துப் பார்த்தபோது அன்றைக்குக் கண்ணும் அமைதியாகத்தான் இருந்தது. சார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு திருத்தக் கடிதம் எழுதக் கூச்சப்பட்டு ஒருவன் இதைச் செய்வானா என்று நீங்கள் கேட்கலாம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க நான் ஐந்து நாள் முயன்றேன். கிடைக்கவில்லை.

5

கட்டுப் பிரித்த காலை நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. பூங்காவனம் இமையைக் கொட்டிக் கொட்டி, எதிரே நின்ற புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒரு வளையத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"யோவ், மீசையில ஒரு பக்கம்தான் டை அடிச்சிகினு வந்துகீற."

வார்டே சிரித்தது. பக்தவத்சலமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஐந்து நாள் இருந்தது.

ஆறாம் நாள் கண் சிவந்தது. வலியில் அவள் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். மருத்துவமனைக்கு ஓடினார்கள். உள்ளே அழற்சி பெரிதாகக் கிளம்பியிருந்தது. புதிதாக வைத்த லென்ஸின் மேல் பாலாடை மாதிரி படிந்திருந்தது. மைதிலி நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், மே மாசத்துக்கு அப்புறம் நடுவுல எப்பவாவது சிவந்துச்சா?"

பக்தவத்சலம் வாயைத் திறந்தார். அதற்குள் பூங்காவனம் முந்திக்கொண்டாள். வலியிலும் அவளுக்கு மனசில் வேறு ஒரு பாரம் இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லிட்றேன் டாக்டரம்மா. திட்டாத. நாலாம் நாளு நெத்திலி கருவாடு துன்னுட்டேன். ரெண்டே ரெண்டுதான். வாசனக்கி மனசு கேக்கல."

மைதிலி அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். "கருவாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா." பிறகு திரும்பி, "சார்?"

"இல்லை, டாக்டர்."

['இல்லை' என்று சொல்லும்போது பக்தவத்சலத்தின் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். புயலில் சிக்கிய படகெல்லாம் வந்தது. ஒன்றும் ஓடவில்லை. எழுதியதை ஒட்டியே பேச வேண்டும் என்று மட்டும் தோன்றியது.]

மாத்திரை, கண்ணில் ஊசி, மாதங்கள். கடைசியில் அந்தக் கண்ணுக்கு மிஞ்சியது, எதிரே யாராவது கை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்று தெரிகிற அளவு. செப்டம்பர் 11 அன்று அவள் பணியில் சேரவில்லை. அதன் பிறகும் சேரவில்லை.

சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதைத் தெருவில் ஒருவரும் ஏற்கவில்லை. பூங்காவனமே ஏற்கவில்லை. பக்கத்து வீட்டு நாகம்மா வந்து பார்த்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நாக்க அடக்க மாட்டாம கண்ண குட்த்துட்டா, பாவம்." உள்ளேயிருந்து பூங்காவனம், "ஆமாக்கா, என் கொழுப்பு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் கருவாட்டைத் தொடவில்லை. பதினான்கு மாதம். (அவள் விரல் கணக்கில் பதினைந்து.) காலையில் கருவாட்டுக் கூடையோடு வரும் கன்னியம்மாள் கேட்பாள்: "இன்னாடி, உன் ஊட்டுக்காரரு சைவமாயிட்டாரா?" பூங்காவனம் சொல்வாள்: "நான்தான்க்கா. வாயாலதான என் கண்ணு போச்சி."

பக்தவத்சலம் உள்ளே உட்கார்ந்து யாருக்கோ குடிநீர் இணைப்பு மனு எழுதிக்கொண்டிருப்பார். எழுத்துப் பிழை இல்லாமல்.

6

அது அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதை இல்லை. நானும் சொல்லியிருக்க மாட்டேன். இதை ஒப்புக்கொள்வது மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

இடது கண்ணிலும் அதே நோய், அதே புரை. இப்போது அவள் சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறாள். பதினோரு நாளுக்கு முன்பு மைதிலி சொன்னார்:

"இந்தக் கண்ணு நாலு மாசமா அமைதியா இருக்கு. எடுக்கலாம்தான். ஆனா போன தடவையும் மூணு மாசம் அமைதியா இருந்துதானே அப்படி ஆச்சு? அவ்வளவு காத்திருந்தும் கொதிச்சு எழுற கண்ணுன்னா நான் இதைத் தொட பயப்படறேன் சார். பழைய தேதியை இன்னொரு தடவை சரி பாருங்க. ஏதாவது விட்டுப் போயிருந்தா இந்தக் கண்ணுக்கு ஒரு வழி இருக்கு. எதுவும் விடலேன்னா, வேண்டாம்."

கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். பூங்காவனம் ஆட்டோவில் வரும்போது, "வுடுயா, டாக்டரம்மா மேல தப்பு இல்ல. நான் துன்னதுக்கு அது இன்னா பண்ணும்?" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஆட்டோவில் பக்தவத்சலம் அல்லவா இருந்திருக்க வேண்டும்? 'எனக்கு' என்று விழுந்துவிட்டது. திருத்தவில்லை.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பக்தவத்சலம் மருத்துவரிடம் மட்டும் போய் உண்மையைச் சொல்கிறார். 'அவளுக்குத் தெரிய வேண்டாம்' என்று கேட்டுக்கொள்கிறார். ஆபரேஷன் நடக்கிறது, கண் கிடைக்கிறது, பூங்காவனம் அவர் மீசையைப் பார்த்துச் சிரிக்கிறாள், சாகும்வரை கருவாடு தின்னாமல் இருக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பிடித்திருந்ததாலேயே கிழித்தேன்.

இன்னொன்றில் அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். தெரிந்தும் புருஷனுக்காகச் சொல்லாமல் பொறுத்திருந்தாள். வாசகர்களுக்குப் பிடிக்கும், ஆண்களுக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அவளுக்குத் தெரியாது. ஜூலையில் வந்ததை மெட்ராஸ் ஐ என்று அவளிடம் சொன்னவரே பக்தவத்சலம்தான். அவள் நம்பியது கருவாட்டை அல்ல, அவரை.

மூன்றாவது முடிவில் பக்தவத்சலம் திங்கட்கிழமை அந்தக் கோட்டின் மேல் மறுபடியும் மே 20 என்று

8

இன்று ஞாயிறு. காலையில் தெருவில் கன்னியம்மாளின் குரல் கேட்டது. பக்தவத்சலம் எழுந்து வெளியே போனார் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நான்தான் போனேன்.

"இன்னா சார், அதிசயமா கீது" என்றாள். "சாமிக்கு வேண்டுதல் முட்ஞ்சிடுச்சா?"

நெத்திலி வாங்கினேன். தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, எண்ணெயில் போட்டேன். எனக்கு வறுக்கத் தெரியாது. ஒரு பக்கம் கருகிவிட்டது. அந்த வாசனை கூடத்துக்குப் போயிற்று. சுவரைத் தடவிக்கொண்டு அவள் வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"யோவ், யாரு ஊட்ல கருவாடு?"

"நம்ம வீட்டுலதான்."

"யாருக்குயா?"

"உனக்கு."

"இன்னா வெளாட்றியா? நான் துன்னமாட்டேன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும். உட்காரு பூங்கா. ஒரு கடிதம் படிக்கணும்."

"ஞாயித்துக்கெய்ம கூட லெட்டரா? யாரு எய்தினது?"

"நான்தான்."

"யாருக்கு?"

இப்போது அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவில் தட்டு. நான் இந்தக் கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனா ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது. "எய்தினது போதும், படி" என்கிறாள். முதல் பக்கத்தைத் திருப்பி, தலைப்புக்கு மேலே இருந்த இடத்தில் இதைச் சேர்த்தேன்:

பெறுநர்: திருமதி பூங்காவனம், அடுப்படி.
பொருள்: கண்.
பார்வை: ஆனி 27.

மருத்துவர் கொடுத்த தாளில், கோட்டின் மேல், ஜூலை 5 முதல் 12 வரை என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் கையெழுத்து, என் சொந்தப் பெயரில். அது நாளைக்குப் போகும். அதை வைத்து மைதிலி என்ன முடிவு செய்வார் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கதையின் முடிவை உங்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்றுதான் பதினோரு நாளாக நினைத்திருந்தேன். வேண்டாம். இவ்வளவு தூரம் கூடவே வந்ததில் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். கடைசிவரை படிப்பவர்கள் நல்லவர்கள். நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அது உங்கள் வேலை இல்லை. பெறுநர் மாறிவிட்டார். நீங்கள் எழுந்து போய்விடுங்கள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அடுப்படியில் மூன்றாவதாக யாராவது மூச்சு விட்டாலும் தெரிந்துவிடும்.

தட்டு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான் படிக்க ஆரம்பிக்கிறேன்.

இப்படிக்கு,